ஆண்டுக்குப் பதினேழு குழந்தைகள்



குழந்தைகளுக்கு வரும் மூளைக்கட்டிகள் எந்த மக்களிடையே எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பது இன்றைக்கு எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். சிகிச்சையைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் சமூக மருத்துவம் படித்தவன். என் வேலை எண்ணுவது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மாவட்டத்திலிருந்தே எண்ணத் தொடங்குகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் 26,05,914 பேர். அவர்களில் பதினைந்து வயது நிறையாத பிள்ளைகள் ஆறு லட்சம் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2001 முதல் 2010 வரையிலான பதிவுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டி 2017-இல் வெளியிட்டது. அதன்படி, அந்த வயதில் பத்து லட்சம் பிள்ளைகள் இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 140 பேருக்குப் புற்றுநோய் வருகிறது. ரத்தப் புற்று 46.4, அடுத்த இடத்தில் மூளை, தண்டுவடக் கட்டிகள் 28.2. இந்த 28.2-ஐ நம் ஆறு லட்சத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஆண்டுக்குப் பதினேழு குழந்தைகள்.

பதினேழையும் பிரித்துப் பார்த்தால்தான் 'அரிய நோய்' என்று நாம் சொல்வதன் அளவு பிடிபடும். சிறுமூளையில் வளரும் மெடுல்லோபிளாஸ்டோமா பத்து லட்சத்துக்கு 5-ஐ ஒட்டி வருகிறது. நம் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு மூன்று. கைக்குழந்தைகளையே பெரும்பாலும் தாக்கும் ராப்டாய்டு கட்டி இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வரலாம். மூளைநீரைச் சுரக்கும் பின்னலில் எழும் புற்றை, இங்கே பணியாற்றும் ஒரு குழந்தை மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு முறைதான் பார்ப்பார். சிலர் பார்க்காமலே ஓய்வு பெறுவார்கள்.

இவ்வளவு சிறிய எண்கள் தற்செயலாகவே ஏறி இறங்கும். ஆண்டுக்குச் சராசரி மூன்று என்றால், இருபது ஆண்டில் ஓர் ஆண்டு ஒன்றுகூட வராது. பன்னிரண்டு ஆண்டில் ஓர் ஆண்டு ஆறோ அதற்கு மேலோ வந்துவிடும். அந்த ஆண்டில் செய்தி பரவும். குடிநீர் மீது சந்தேகம் வரும், செல்பேசிக் கோபுரத்தின் மீது வரும். பதறிய பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆண்டின் ஆறை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரு மாவட்டத்தைப் பற்றி உறுதியாக ஏதாவது சொல்ல, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே முறையில், இடைவிடாமல் எண்ணியிருக்க வேண்டும்.

உலகப் பட்டியலுக்கு வருவோம். ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து போன்ற வடஐரோப்பிய நாடுகளில் குழந்தை மூளைக்கட்டி விகிதம் மிக உயரம். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் மிகத் தாழ்வு. இந்தியப் பதிவகங்களின் எண்கள் ஐரோப்பாவைவிடக் குறைவு. இந்தப் பட்டியலை முதன்முறை பார்க்கும் மாணவர்களுக்கு ஒரு நிம்மதி வரும். நம் பிள்ளைகளுக்கு ஏதோ இயற்கைக் காப்பு இருக்கிறது என்று தோன்றும். அந்த நிம்மதியைக் குலைக்கத்தான் இங்கே நிற்கிறேன்.

அமெரிக்காவில் 1980-களின் நடுவில் குழந்தைகளின் மூளைப்புற்று விகிதம் உயர்ந்தது. மக்கள் பயந்தார்கள். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1998-இல் அந்த எண்களை ஆண்டுவாரியாக விரித்துப் பார்த்தார்கள். விகிதம் சிறுகச் சிறுக ஏறியிருக்கவில்லை. 1984, 85-ஐ ஒட்டி ஒரே படியாக ஏறி, பிறகு அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. எம்.ஆர்.ஐ. கருவி மருத்துவமனைகளுக்குள் நுழைந்த காலம் அது. இறப்பு விகிதம் அதற்கு ஈடாக உயரவில்லை. நோய் கூடவில்லை, அதுவரை கண்ணுக்குத் தப்பியவை தெரிய ஆரம்பித்தன. அமெரிக்கா போன்ற நாட்டிலேயே ஒரு கருவி கணக்கை இப்படி மாற்றும் என்றால், ஸ்கேனுக்கு வெளியூர் போக வேண்டிய நாடுகளின் எண்களை எப்படி அப்படியே நம்புவது?

2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குழு ஒன்று இதை உலக அளவில் மதிப்பிட்டது. 2015-இல் உலகில் 3,97,000 குழந்தைகளுக்குப் புற்றுநோய் வந்திருக்கும். நோய் கண்டறியப்பட்டவர்கள் 2,24,000 பேர்தான் என்றார்கள். தெற்காசியாவில் கண்டறியப்படாதவர்கள் 49 விழுக்காடு. பாதிப் பேர். எல்லாப் புற்றுக்கும் சேர்த்துச் சொன்ன மதிப்பீடு அது. ரத்தப் புற்றை ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். மூளைக்கட்டி மண்டையோட்டுக்குள் இருப்பது. ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது.

ஒரு குழந்தை எங்கே தவறிப்போகிறது? வீராணம் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் ஆறு வயதுப் பிள்ளையை எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் வாந்தி. வாந்தி எடுத்தபின் தெளிவாகிவிடுகிறது, விளையாடப் போகிறது. வீட்டில் பித்தம் என்கிறார்கள். பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். பாட்டி திருஷ்டி கழிக்கிறாள். ஒரு வாரம் கழித்து மருந்துக்கடையில் வாந்திக்கு மாத்திரை. பிறகு தலைவலி, பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று ஆசிரியரும் தகப்பனும் நினைக்கிறார்கள். மாறுகண் விழுகிறது; கண் டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சிதம்பரம் அனுப்புகிறார்கள். நடை தள்ளாடும்போதுதான் சிதம்பரம் காமராசர் அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். நல்ல மருத்துவர் கண்ணின் உட்புறத்தைக் கருவியால் பார்த்து, பார்வை நரம்பின் தலை வீங்கியிருப்பதைக் கண்டு உடனே ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார். கூட்டம் அலைமோதும் ஓ.பி. நேரத்தில் ஒருவர் மூளைக்காய்ச்சல் என்று எழுதினால் அவரைத் திட்ட எனக்கு மனம் வராது. காச நோயும் நாடாப்புழுக் கட்டியும் மலிந்த நாடு இது. 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய காலத்தில், இந்தியாவில் மண்டைக்குள் இடம் அடைக்கும் கட்டிகளில் கணிசமான பங்கு காச நோய்க் கட்டிகள். இன்று அது வெகுவாகக் குறைந்துவிட்டது. காச நோயை முதலில் சந்தேகிக்கும் வரிசை மட்டும் மருத்துவர் மனத்தில் இன்னும் மாறவில்லை.

இங்கிலாந்திலும் இப்படித்தான் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அங்கே முதல் அறிகுறிக்கும் நோய் கண்டறிவதற்கும் நடுவில் பதினான்கு வாரம் போய்க்கொண்டிருந்தது. 2011-இல் 'ஹெட்ஸ்மார்ட்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, வயதுவாரியாக அறிகுறிகளை அச்சிட்ட சிறு அட்டைகளைப் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த இடைவெளி ஏழு வாரத்துக்கும் கீழே வந்தது. கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இவ்வளவு பேர் இருக்கும் தமிழ்நாட்டில் அதைச் செய்வது கடினம் இல்லை.

சரி, ஸ்கேன் எடுத்தாயிற்று, கட்டி தெரிந்துவிட்டது. எண்ணிக்கையில் சேர்ந்துவிடுமா? இங்கேதான் கடலூரின் தனிச் சிக்கல் வருகிறது. நம் மாவட்டத்துக் குழந்தைகளில் பெரும்பாலோர் மூளை அறுவைக்கு மாவட்டத்துக்குள் நிற்பதில்லை. புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. ஆனால் புதுச்சேரி வேறு ஆட்சிப் பகுதி. வசதி உள்ளவர் சென்னைக்கும் வேலூருக்கும் போகிறார். புற்றுநோய்ப் பதிவகத்தின் விதி, நோயாளி எங்கே சிகிச்சை பெற்றார் என்பதைக் கேட்காது. நோய் கண்டறியப்படுவதற்கு முன் குறைந்தது ஓராண்டு எங்கே குடியிருந்தார் என்றுதான் கேட்கும். கடலூர்க் குழந்தைக்குப் புதுச்சேரியில் அறுவை நடந்தாலும் கணக்கு கடலூருக்கு. அதற்கு ஒருவர் அங்கே போய், அந்தக் கேஸ் ஷீட்டைப் புரட்டி, நம் ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு வர வேண்டும்.

அப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே யாருக்கும் தெரியாத இந்த வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தின்கீழ் 1982 முதல் சென்னை மாநகருக்கான பதிவகத்தை நடத்திவருகிறது. 2003-இல் திண்டுக்கல் மாவட்டத்துக்கு அம்பிளிக்கையில் ஒரு கிராமப்புறப் பதிவகம் தொடங்கியது. 2012 முதல் மாநிலம் முழுவதும், நம் கடலூர் உட்பட, எண்ணப்படுகிறது. ஏழு கோடிப் பேரை உள்ளடக்கிய பதிவகங்கள் உலகில் அதிகம் இல்லை.

களப்பணியாளர் முதலில் போவது நோய்க்குறியியல் துறைக்கு. பயாப்ஸி முடிவுகள் எழுதிய பெரிய நோட்டைத் திறப்பார். பெயர், வயது, ஆணா பெண்ணா, வார்டு எண், திசு எந்த உறுப்பிலிருந்து வந்தது, முடிவு என்ன. முகவரி அதில் இருக்காது. வார்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு மருத்துவ ஆவண அறைக்குப் போய்க் கேஸ் ஷீட்டைத் தேடுவார். அதில் 'புதுப்பேட்டை, கடலூர் மாவட்டம்' என்று மட்டும் எழுதியிருக்கும். பண்ருட்டிப் பக்கம் ஒரு புதுப்பேட்டை. பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் ஒரு புதுப்பேட்டை. எந்தத் தாலுகா? பிறகு பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். ஒரு மருத்துவமனையில் முன்னெழுத்து முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் தகப்பன் பெயர் முழுதாக வரும். கீர்த்தனா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நான்கு விதமாக எழுதலாம். ஒரே குழந்தை ஜிப்மரில் ஒரு முறை, சென்னையில் கதிர்வீச்சுக்குப் போனபோது ஒரு முறை என்று இரண்டாக எண்ணப்பட்டுவிடலாம். பெயர் ஒத்த இரண்டு குழந்தைகள் ஒன்றாகிவிடவும் கூடும். வயதையும் தகப்பன் பெயரையும் ஊரையும் ஒத்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் செல்பேசியில் அழைத்துக் கேட்டு, ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறார்கள். அழைப்பை எடுப்பது தாயாக இருந்தால், குழந்தை இறந்து ஆறு மாதமாகியிருந்தால், அந்த உரையாடலை எப்படி நடத்துவது என்பதற்குப் பாடப்புத்தகம் எதிலும் பக்கம் இல்லை. பதினேழு என்ற எண்ணில் ஒவ்வொன்றும் இப்படித்தான் வந்து சேர்கிறது.

இவ்வளவு பாடுபட்டு எழுதினாலும் சில கட்டிகள் விதிப்படியே வெளியில் நிற்கும். நம் நாட்டுப் பதிவகங்கள் புற்றுத்தன்மை உள்ளவற்றை மட்டும் எண்ணுகின்றன. பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி வளரும் கிரேனியோஃபாரிஞ்ஜியோமா அந்த வரையறைக்குள் வராது. அது பார்வையைப் பறிக்கும், வளர்ச்சியை நிறுத்தும். ஆயுள் முழுவதும் ஹார்மோன் மாத்திரையில் குழந்தையை நிறுத்தும். பதிவேட்டில் அதற்கு வரி இல்லை. அமெரிக்காவில் 2002-இல் தனிச் சட்டமே இயற்றி, 2004 முதல் புற்றுத்தன்மை அற்ற மூளைக்கட்டிகளையும் எண்ணத் தொடங்கினார்கள். வட ஐரோப்பியப் பதிவகங்கள் வெகு காலமாகவே எண்ணுகின்றன. அவர்களுடைய உயரமான எண்ணுக்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைகளின் மூளையில் மிகுதியாக வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவையே 2000-இல் வந்த பன்னாட்டுக் குறியீட்டுத் திருத்தம் 'புற்று' வரிசையிலிருந்து 'நிச்சயமற்றது' வரிசைக்கு மாற்றியது. சில நாடுகள் அதை ஏற்று நீக்கின, சில பழையபடியே எண்ணின. இரண்டு நாட்டுப் பட்டியல்களை அருகருகே வைத்து, இங்கே அதிகம், அங்கே குறைவு என்று எழுதுகிறவர்கள் முதலில் இந்தக் குறியீட்டைப் பார்க்க வேண்டும்.

பெயர்களும் மாறுகின்றன. மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு 1925-இல் குஷிங்கும் பெய்லியும் பெயரிட்டார்கள். ராப்டாய்டு கட்டியைத் தனி நோயாகப் பிரித்தறிந்தது 1980-களின் கடைசியில். அதன் மரபணுக் காரணம் தெரிந்தது 1998-இல். அதற்கு முன் அந்தக் குழந்தைகள் பலர் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற தலைப்பின்கீழ் எழுதப்பட்டு, அந்தச் சிகிச்சை பெற்று, அது பலிக்காமல் இறந்தார்கள். திசுவில் ஒரு புரதம் இருக்கிறதா இல்லையா என்று காட்டும் ஒரு சாயச் சோதனை இன்று அதைப் பிரித்துச் சொல்லிவிடும். அந்தச் சோதனை நடக்காத ஊரில் ராப்டாய்டு கட்டியின் விகிதம் பூஜ்யம்.

இனி, மருத்துவ மாணவர்கள் எல்லோரும் தேர்வுக்குப் படிக்கும் ஒரு வாக்கியம்: மூளையின் கரு அணுக் கட்டிகள் ஜப்பானிலும் கொரியாவிலும் அதிகம், மேலைநாடுகளில் குறைவு. பாடநூல்களில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஜப்பானிய மருத்துவமனைகளில் குழந்தை மூளைக்கட்டிகளில் பத்தில் ஒன்று அளவுக்கு அவை இருந்தன, அமெரிக்காவில் நூற்றில் மூன்று நான்கு, அதுதான் ஆதாரம். இவை பங்குகள். நூறு கட்டிகளில் எத்தனை என்பது பங்கு; பத்து லட்சம் குழந்தைகளில் எத்தனை என்பது விகிதம். மற்ற கட்டிகள் குறைவாகப் பதிவானால் இதன் பங்கு தானாகவே வீங்கும். 2012-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலுமாக நான்கு பதிவுத் தொகுப்புகளை எடுத்து, மக்கள்தொகையை அடியில் வைத்து விகிதமாகக் கணக்கிட்டார்கள். இரண்டு நாடுகளும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றன. மரபணுக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்கள் யோசிக்க வேண்டிய முடிவு அது.

இதையே நம் நாட்டுக்குப் பொருத்துகிறேன். 2011-இல் இந்தியாவின் ஏழு பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து 3,936 குழந்தை மூளைக்கட்டிகளின் பட்டியலை வெளியிட்டன. மதிப்புமிக்க வேலை. ஆஸ்ட்ரோசைட்டோமா வகை 34.7 விழுக்காடு, மெடுல்லோபிளாஸ்டோமாவும் அதன் இனமும் 22.4, கிரேனியோஃபாரிஞ்ஜியோமா 10.2, எபென்டைமோமா வகை 9.8. மேலைநாட்டுப் பட்டியல்களைவிட நமக்குக் கிரேனியோஃபாரிஞ்ஜியோமா கூடுதல் என்று இதிலிருந்து சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அது மெதுவாக வளர்வது. பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரக் குழந்தைக்கு அவகாசம் கொடுப்பது. சிறுமூளையில் வேகமாக வளர்ந்து நீர்ப்பாதையை அடைக்கும் கட்டி அந்த அவகாசத்தைத் தராது. பெரிய மருத்துவமனையின் பட்டியல், அங்கே வந்து சேர்ந்தவர்களின் பட்டியல்.

வந்து சேராதவர்களில் பெண்பிள்ளைகள் கூடுதல். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவக அறிக்கையில் டெல்லியின் குழந்தைப் புற்று விகிதம் பையன்களில் பத்து லட்சத்துக்கு 200-ஐத் தாண்டியது. பெண்பிள்ளைகளில் 125 அளவில் நின்றது. பையன்களுக்குச் சற்றுக் கூடுதலாக வருவது உலகெங்கும் உள்ளதுதான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. இந்த இடைவெளியை உயிரியல் விளக்காது. தமிழ்நாட்டில் இடைவெளி இதைவிடக் குறைவு. குறைவு என்பதோடு நாம் திருப்திப்படக் கூடாது.

அப்படியானால் மக்களுக்கு மக்கள் உண்மையான வேறுபாடே இல்லையா? இருக்கிறது. எண்ணிக்கைக் கோளாறுகளை நீக்கிய பிறகும் நிற்கும் வேறுபாடுகள் உண்டு. அவைதான் மருத்துவத்துக்குப் புது வழி காட்டுகின்றன.

தெற்கு பிரேசிலில் பரானா மாநிலம். அங்கே பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு மூன்று பேர் அளவில் டி.பி.53 என்ற மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே மாற்றத்தோடு பிறக்கிறார்கள். எப்போதோ ஒரு மூதாதையரிடம் தோன்றி வழிவழியாக இறங்கியது. பிறந்த குழந்தைகள் 1,71,649 பேரைப் பரிசோதித்து, 461 பேரிடம் அது இருப்பதைக் கண்டு 2013-இல் வெளியிட்டார்கள். அட்ரீனல் சுரப்பிப் புற்று அங்கே குழந்தைகளுக்கு உலக அளவைப்போலப் பல மடங்கு. நான் முன்பு சொன்ன, ஒரு மருத்துவர் பணிக்காலத்தில் ஓரிரு முறை பார்க்கும் மூளைநீர்ப் பின்னல் புற்றும் அந்த மாற்றத்தோடு சேர்ந்து வருகிறது. முதலில் அந்த மாநிலத்து மருத்துவர்கள் 'இது இங்கே ஏன் இத்தனை பேருக்கு?' என்று எண்ணினார்கள். பிறகுதான் மரபணு ஆய்வு வந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஜோர்டான். செல் பிரியும்போது டி.என்.ஏ. படியெடுப்பில் விழும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் நான்கு நம்மிடம் முக்கியமாக உள்ளன. அவற்றில் ஒன்றில் ஒரு பிரதி பழுதானால், நடுவயதில் குடல் புற்று, கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்தால், அந்தக் குழந்தைக்குச் சிறு வயதிலேயே ரத்தப் புற்றோ குடல் புற்றோ மூளையில் கடும் கிளையோமா என்ற கட்டியோ வருகிறது. 1999-இல்தான் இதைக் கண்டறிந்தார்கள். முதல் குடும்பங்களே சொந்தத்தில் மணம் செய்தவை. ஜோர்டானில் 2016-இல் குழந்தைகளின் கடும் கிளையோமாக்களைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இந்தப் பழுது இருந்தது. மேலைநாடுகளில் இது மிக அரிது.

ஜோர்டானைப்போல நாமும் சொந்தத்தில் கட்டுகிறவர்கள். அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன். 1992-93 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் ஏறத்தாழ பாதி உறவுக்குள் நடந்தவை. 2019-21-இல் 28 விழுக்காடு. குறைந்தபோதும் இந்தியாவிலேயே நாம்தான் முன்வரிசை. யாருடைய குடும்ப வழக்கத்தையும் பழிக்க நான் வரவில்லை. உறவில் மணந்த ஆயிரமாயிரம் குடும்பங்களில் பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள், இந்த நோய் அப்போதும் அரிதே. ஆனால் பிழைதிருத்தும் மரபணுப் பழுது உலகில் எங்கே கூடுதலாக இருக்கலாம் என்று கேட்டால், தேட வேண்டிய முதல் இடங்களில் நம் மாவட்டமும் ஒன்று. இது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் இல்லை. இந்தப் பழுது உள்ள கட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெமோசோலோமைடு மருந்து வேலை செய்வதில்லை. மாறாக, நோய் எதிர்ப்பு அணுக்களின் தடையை நீக்கும் நிவோலுமாப் மருந்து இந்தப் பழுதுடைய உடன்பிறந்தார் இருவருக்கு, திரும்பி வந்த கிளையோமாவைச் சுருக்கியதாக 2016-இல் டொரண்டோவிலிருந்து செய்தி வந்தது. தம்பி தங்கையர், பெற்றோர் ஆகியோரையும் முன்கூட்டியே பரிசோதிக்கலாம்.

கடலூரில் பேசிவிட்டு சிப்காட்டைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. உப்பனாற்றங்கரையில் 1980-களில் தொடங்கிய அந்த ரசாயனத் தொழிற்பேட்டையின் காற்றைக் குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் சுவாசித்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்றத்தை நாட்குறிப்பில் எழுதி, காற்றைப் பையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தாங்களே சாட்சியம் சேர்த்தவர்கள் அவர்கள். 2008-இல் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் அறிக்கை வெளியானபோது, அங்கே வாழ்பவருக்கு ஆயுளில் புற்றுநோய் வரும் அபாயம் இரண்டாயிரம் மடங்கு என்று நாளிதழ்கள் எழுதின. அது காற்றில் அளந்த ரசாயனங்களை வைத்துக் கணித்த அபாயம். நோயாளிகளை எண்ணிய கணக்கு வேறு. இரண்டையும் குழப்பினால் மக்களுக்குத்தான் நட்டம்.

குழந்தை மூளைக்கட்டியை எடுத்துக்கொள்வோம். புறச்சூழல் காரணங்களில் ஐயமின்றி நிறுவப்பட்டது கதிர்வீச்சு ஒன்றுதான். 1950-களை ஒட்டி இஸ்ரேலில் தலைப் படர்தாமரைக்காக எக்ஸ்-கதிர் கொடுக்கப்பட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1988-இல் வெளியிட்ட ஆய்வு அதை உறுதி செய்தது. சிப்காட்டைச் சுற்றி ஐயாயிரம் குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால், அங்கே எல்லா மூளைக்கட்டிகளும் சேர்ந்து ஏழு ஆண்டுக்கு ஒன்று எதிர்பார்க்கலாம். அது இரு மடங்கானால்கூட ஏழு ஆண்டில் இரண்டு. எந்தப் புள்ளியியலாலும் அதைத் தற்செயலிலிருந்து பிரித்துக்காட்ட முடியாது. ஆகவே 'குழந்தைகளுக்குப் புற்று கூடவில்லை, எனவே காற்று நல்லது' என்று எவராவது சொன்னால் ஏற்காதீர்கள். இவ்வளவு அரிய நோய் அந்தக் கேள்விக்குத் தராசு ஆகாது. காற்றில் நச்சு அளந்து எழுதப்பட்டிருக்கிறது. நடவடிக்கைக்கு அதுவே போதும். ஒரு குழந்தை நோயுறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஓர் இலக்கு வைத்தது: 2030-க்குள் உலகெங்கும் புற்றுற்ற குழந்தைகளில் குறைந்தது 60 விழுக்காட்டினர் பிழைக்க வேண்டும். அதற்கென முன்னிறுத்திய ஆறு நோய்களில் குறைந்த தீவிரக் கிளையோமாவும் ஒன்று. அறுபது விழுக்காடு என்றால் எதில் அறுபது? கண்டறியப்பட்டவர்களிலா, நோய் வந்த எல்லோரிலுமா? பதினேழில் எட்டுப் பேர்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்றால், அந்த எட்டில் ஐந்து பேரைக் காப்பாற்றிவிட்டு இலக்கை எட்டிவிட்டோம் என்று எழுதலாம். மீதி ஒன்பது பேர் எந்த விழுக்காட்டிலும் வரமாட்டார்கள்.

1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இங்கே நிற்கும் இந்த நிறுவனத்திடம் நான் கேட்பது பெரிய பணம் பிடிக்கும் காரியம் அல்ல. தொடர்ந்து காலை வாந்தியோ தள்ளாட்டமோ புது மாறுகண்ணோ உள்ள குழந்தைக்குக் கண்ணின் உட்புறத்தைப் பாராமல் பூச்சி மருந்து எழுதுவதில்லை என்று ஒரு வழக்கம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ அனுப்பும் ஒவ்வொரு குழந்தைக்கும் இங்கே ஒரு வரி. தாலுகாவோடு முகவரி, தகப்பன் பெயர், தாய் பெயர். புற்றுத்தன்மை அற்றது என்றாலும் அந்த வரி வேண்டும். பிழைதிருத்தும் மரபணுப் பழுதுக்கு அடையாளமாகக் கூடிய காப்பிநிறத் திட்டுகள் குழந்தையின் தோலில் உண்டா என்று பார்த்து எழுத ஒரு கட்டம். பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்களா, எந்த உறவு, குடும்பத்தில் இளவயதில் குடல் புற்று உண்டா என்று கேட்க ஒரு கட்டம். இதைத் தனியாக அழைத்து, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும். குழந்தைக்குக் கடும் கிளையோமா என்று முடிவு வந்தால், பெரியவர்களின் குடல் புற்றுக்கு நோய்க்குறியியல் துறையினர் செய்யும் அதே நான்கு புரதச் சாயச் சோதனைகளை அந்தத் திசுவுக்கும் செய்யச் சொல்லிக் கையொப்பமிட்டு ஒரு கடிதம். பழைய பாரஃபின் கட்டைகள் அலமாரியில் இருந்தால், அவற்றிலிருந்தே தொடங்கலாம். முதுநிலை மாணவர் ஒருவருக்கு ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தால் இந்தக் கல்வி ஆண்டிலேயே ஆரம்பித்துவிட முடியும்.